சாட்சிக்கு நான் சொன்ன கதை

நான் நீதிமன்றத்துக்குப் போனது நீதிக்காக அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நான் நல்லவன் வேடம் போட ஆரம்பித்தால் நீங்கள் நம்பித் தொலைக்கக்கூடும். மேடைப் பழக்கம் உள்ளவனுக்கு அது கஷ்டமே இல்லை.

முப்பது வருடமாகச் சிங்கப்பூரில் தமிழர் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, கோயில் மண்டபத்து ஆண்டு விழா என்று எங்கே மைக் இருந்ததோ அங்கே நான் இருந்தேன். அழைப்பிதழில் ‘நெறியாளர்’ என்று போடுவார்கள். சாப்பாடு வரும்வரை கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பதுதான் அந்த வேலை. பிழைப்பு வேறு. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வை. அங்கே சிரிப்புக் காட்ட முடியாது. ஒருவன் சிரித்தால் இன்னொருவனுக்கு அடிபடும். ஆகவே வாரம் முழுக்க அடக்கி வைத்த வாயைச் சனி ஞாயிறில் அவிழ்த்துவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு ஏழு நாளும் சனி ஞாயிறு ஆகிவிட்டது.

“கம்பெனிக்குத் தொல்லை விட்டுச்சு, எனக்கு ஆரம்பிச்சிருச்சு,” என்றாள் என் மனைவி.

அப்படி நான் நின்ற மேடைகளில் பெரிய மேடை சாமி வீட்டு மேடை. அவர்களை இங்கே சாமி வீடு என்றே குறிப்பிடுகிறேன். தகப்பனார் தமிழ்நாட்டில் பேர்போன ஆன்மிகப் பேச்சாளர். காலை ஆறு மணிக்கு அவருடைய மூன்று நிமிடப் பேச்சு கைப்பேசியில் வந்து விழாத தமிழ் வீடு இந்தத் தீவில் குறைவு. பல்லைத் துலக்கிக்கொண்டே புண்ணியம் சேர்க்கலாம். மகன்கள் வெளிநாடுகளில் தியான வகுப்பு நடத்துகிறார்கள். மகள் கல்யாணமாகி இங்கே வந்து காத்தோங் பக்கம் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் குடியிருந்தார். முதலில் அப்பாவின் பேச்சுக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தவர், பிறகு தானே பேசத் தொடங்கினார். காலைப் பேச்சில் வாரம் இரண்டு நாள் அவருடையது. நல்ல பேச்சுத்தான், குறை சொல்ல முடியாது. ஒரு மூச்சு விட்டு, “நம்ம வீட்டுக்குள்ளேயே தொடங்குவோமே…” என்பார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வரும்.

ஒன்பது வருடம் அந்த வீட்டு நிகழ்ச்சிகளுக்கு நான்தான் வரவேற்புரை. ஒன்பதாவது வருடம் வாய் சும்மா இருக்கவில்லை. “அடுத்துப் பெரியவர் பேசுவார். கடைசி ரயிலைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். நாளைக்கு முதல் ரயிலுக்குச் சரியாக முடித்துவிடுவார்,” என்றேன். மண்டபம் சிரித்தது. பெரியவரும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. மறு வருட அழைப்பிதழில் வேறு பெயர் இருந்தது. எனக்கு வருத்தமே இல்லை என்று ஆறு பேரிடம் சொன்னேன். ஏழாவது ஆள், நான் கேட்காமலே, ஆறுதல் சொன்னார்.

ஆகவே அந்த மகள்மீது, வீட்டுப் பணிப்பெண்ணை அடித்ததாகக் குற்றச்சாட்டு என்று செய்தித்தாளில் பார்த்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. அதற்கு ஒரு நொடி முன்னால் சந்தோஷமாக இருந்தது. ஒரு நொடிதான். ஆனாலும் முன்னால் வந்தது அதுதான்.

அவர் குற்றத்தை மறுத்தார். விசாரணை என்று ஆயிற்று. முதல் நாள் காலையில் நான் இஸ்திரி போட்ட சட்டையுடன் கிளம்பியபோது மனைவி வாசலில் நின்றாள்.

“எங்க?”

“கோர்ட்டுக்கு. பொதுமக்கள் யார் வேணா போய்ப் பாக்கலாம்லா.”

“பொதுமக்கள் போகலாம். நீங்க எதுக்குப் போறீங்க?”

நல்ல கேள்வி. லிஃப்டைப் பிடித்தேன்.

நீதிமன்ற அறைக்குள் கல்யாண மண்டபம் போலவே இரண்டு பக்கம் இருந்தது. இடப்பக்கம் முழுக்கச் சாமி வீட்டு அடியார்கள். வெளிர்நிறப் புடவைகள், மெல்லிய முணுமுணுப்பு. வலப்பக்கம் இரண்டு நிருபர்கள், பெண்கள் காப்பகத்திலிருந்து வந்த ஓர் அம்மா, நான். அடியார்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். மைக் இருந்திருந்தால் வரவேற்றே இருப்பேன்.

சான்றுப் பொருள் ஒரு பூசை மணி. பித்தளை. பிளாஸ்டிக் பையில் போட்டு எண் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பணிப்பெண் சாட்சிக் கூண்டில் ஏறினாள். முப்பது வயது இருக்காது. புதுக்கோட்டைப் பக்கம். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். நடந்ததாக அவள் சொன்னது இதுதான். ஒரு நாள் காலையில் வீட்டு அம்மா பூசையறையில் உட்கார்ந்து, கைப்பேசியில் அன்றைய பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தார். இவள் சமையலறையில் தட்டைக் கீழே போட்டுவிட்டாள். பதிவு கெட்டது. மறுபடி தொடங்கினார். இவள் பயத்தில் குழாயைத் திறந்துவிட்டாள். மறுபடி கெட்டது. மூன்றாம் முறை மூடி ஒன்று விழுந்தது. அம்மா எழுந்து வந்தார். கையில் பூசை மணி இருந்தது. சமையல் மேடைமேல் ஊன்றியிருந்த இவள் கைமீது அது இறங்கியது. சுண்டு விரல் இன்னும் முழுசாக மடங்குவதில்லை.

“ணங்குன்னு போட்டாங்க,” என்றாள்.

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் கோட்டும் டையும் அணிந்த கண்ணியமான மனிதர். ஒரு கணம் யோசித்து, ‘பலத்த உலோக ஒலியுடன் தாக்கினார்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி, அந்தப் பெண் சொன்ன சொல் என்ன என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் நிமிர்ந்து நின்று, மிகுந்த மரியாதையுடன், “ணங்,” என்றார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

நான் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அந்த இடத்திலேயே என் மாலைப்பொழுது எனக்குத் தெரிந்துவிட்டது.

மதியம் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்தார். அலமாரிக் கதவில் கையை நசுக்கிக்கொண்டு, ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் கதை கட்டினாய், அப்படித்தானே என்றார். அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள்.

“பொய் சொல்லி எனக்கு என்னங்க கெடைக்கப் போவுது? எங்க வீட்டுக் காலண்டர்லயே அவங்கப்பா படம்தான் இருக்கு. நான் போன்ல சொன்னப்ப எங்கம்மாவே நம்பல. சாமி வீட்டு மேல வாய வைக்காதடின்னு சொல்லிருச்சு. நான் பொய் சொல்லலன்னு கோர்ட்டு ஒரு வார்த்த சொன்னா போதும். அதுக்குத்தான் ஊருக்குப் போவாம ஒன்றரை வருசமா உக்காந்திருக்கேன்.”

மொழிபெயர்ப்பாளர் இதையும் ஆங்கிலத்தில் சொன்னார். இந்த முறை ஒரு சொல்லையும் அவர் தேட வேண்டியிருக்கவில்லை. இடப்பக்கத்து முணுமுணுப்புகூட நின்றது. எனக்கும் நெஞ்சை என்னவோ செய்தது. உண்மை. ஆனால் அந்தப் பகுதியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அதில் சிரிப்பு இல்லை.

அன்று மாலை தேக்காவில், துணிக்கடை வைத்திருக்கும் என் நண்பரோடு தேநீர் குடித்தேன். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். மூன்று தலைமுறையாக இங்கே கடை. சிரிப்பதற்கென்றே அளவெடுத்துத் தைத்த வயிறு அவருக்கு. அவருக்கு முழு நாளையும் நடித்துக் காட்டினேன். அந்தப் பெண் ஒரு குரல், மொழிபெயர்ப்பாளர் ஒரு குரல், நீதிபதி ஒரு குரல். ‘ணங்’ வந்த இடத்தில் அவர் மேசையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று தோன்றியது. “மணி கையைவிட்டு நழுவிக் கீழ விழுந்துச்சு பாருங்க, பாவம், அதுவும் பயந்துபோய் ணங் ணங் ணங்குன்னு உருண்டு ஓடி, ஹால்ல சோபாக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. ‘என்னை விட்ருங்கம்மா, நான் சாமிக்கு மட்டும்தான் அடிப்பேன்’னு உள்ளேருந்து சத்தம் வருது!”

அப்படி யாரும் சொல்லவில்லை. மணி உருளவும் இல்லை, சோபாவும் இல்லை. அது நான் போட்ட கூடுதல் மசாலா.

“அண்ணே, இத அப்படியே வாய்ஸ்ல போடுங்கண்ணே. நாலு பேரு சிரிச்சா உங்களுக்குப் புண்ணியம்.”

போட்டேன். ஐந்து நிமிடம். விழாக்களில் உதவிய பழைய தொண்டூழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது, அங்கிருந்து எங்கெங்கோ போனது. அந்தப் பெண்ணுக்கு ‘ணங்கம்மா’ என்று பெயரும் வைத்திருந்தேன். மறுநாள் காலை பேருந்தில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் ஒரு பெண்மணி கைப்பேசியைக் காதில் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தார். உள்ளே இருந்து கசிந்தது என் குரல். முப்பது வருட மேடையில் அப்படி ஒரு குளிர்ச்சி எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டாம் நாள் மருத்துவர் வந்து, காயம் மணியாலும் ஏற்பட்டிருக்கலாம், கதவாலும் ஏற்பட்டிருக்கலாம் என்றார். அதற்கும் ஒரு குரல் பதிவு போட்டேன்.

மூன்றாம் நாள்.

காலையில் அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் நீர்க்குழாய் அருகே நின்று, வழக்கம்போலச் சத்தமாக, மனைவியிடம் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளிறியிருந்தது. பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் பேசி முடித்ததும் தயங்கித் தயங்கி எழுந்து வந்தாள்.

“அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்கதானே அந்த வாய்ஸ் போடுறது? ணங்கம்மா?”

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“அய்யோ, இந்தக் குரல மறக்க முடியுமா! எங்க மேடம் கிச்சன்ல போட்டு விட்டாங்க. அத நாலஞ்சு தடவ கேட்டேன். அந்த சோபா எடம் இருக்கே…” வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு, “ஆனா பாவம் அங்கிள் அந்தப் புள்ள. அந்தப் பேரு தெரிஞ்சா அழுவும்,” என்றாள்.

“உனக்கு அந்தப் பொண்ணத் தெரியுமா?”

“தெரியுமாவா? ஒரே பில்டிங்தான் வேல. நான் ஒம்போதாவது மாடி. அன்னிக்கிக் குப்ப போட வந்தப்ப கையக் காமிச்சு அழுதுச்சு. அதச் சொல்லத்தான் வந்திருக்கேன். இன்னும் உள்ள கூப்பிடல. காலையிலேருந்து உக்காந்திருக்கேன் அங்கிள். நேத்து டாக்டரு வேற என்னமோ சொன்னாராமே?”

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். ஏனென்றால் இந்த இடத்தைப் பின்னாளில் போலீஸ் அதிகாரியிடம் நான் வேறு மாதிரி சொன்னேன். அவள் சாட்சி என்று எனக்குத் தெரியாது, யாரோ வேடிக்கை பார்க்க வந்தவள் என்று நினைத்தேன் என்றேன். பொய். ‘அதச் சொல்லத்தான் வந்திருக்கேன்’ என்று அவள் சொன்ன கணமே தெரிந்துவிட்டது. சாட்சிகள் தம் முறை வரும்வரை வெளியேதான் இருக்க வேண்டும், உள்ளே மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர்கள் காதில் விழக்கூடாது. முதல் நாளே நீதிமன்ற ஊழியர் ஒருவர் அறை வாசலில் நின்று இதைச் சொல்லிச் சிலரை வெளியே அனுப்பியதை நான் பார்த்திருந்தேன். கப்பல் பட்டறையில் முப்பது வருடம் ‘உள்ளே வராதே’ பலகை மாட்டியவன். எனக்கு ஒரு விதியைப் புரிந்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தவளை நான் சிரிக்க வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் சிரிப்பாள் போலவும் இருந்தது.

டாக்டர் குரலில் பேசிக் காட்டினேன். அவள் தோளைக் குலுக்கிச் சிரித்தாள். கூடுதல் பரிசாக சோபாவையும் போட்டேன். இந்த முறை கையை உருட்டி, குனிந்து, பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்து, முழு அபிநயத்தோடு. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் இரண்டு வெளிர்நிறப் புடவைகள் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டேன்.

அவளைக் கூப்பிட்டார்கள். நானும் பின்னால் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னாள். குப்பைத் தொட்டிப் பக்கம் சந்தித்தது, வீங்கிய விரல், அழுகை. அந்தப் பெண் உன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டார். “பூச மணியால அடிச்சாங்கன்னு சொன்னா. அது உருண்டு போயி சோபாக்கு அடியில விழுந்துச்சுன்னு சொன்னா.”

அந்தச் சோபா என்னுடையது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவசரமே இல்லாமல் எழுந்தார். இடப்பக்கத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு ஏற்கெனவே அவர் கைக்குப் போயிருந்தது. போலீசிடம் நீ கொடுத்த வாக்குமூலத்தில் சோபா இல்லையே என்றார். புகார் கொடுத்த பெண்ணும் சோபாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்றார். அவள் முகம் மாறியது. மணி உருண்டதை உனக்கு யார் சொன்னது என்றார்.

அவள் நேர்மையான பெண். எவ்வளவு நேர்மை என்றால், ஒரு கணம்கூட யோசிக்காமல் திரும்பி, என்னைத் தேடி, கையை நீட்டினாள்.

“இந்த அங்கிள்தான் சொன்னாரு.”

மொழிபெயர்ப்பாளர், தம் வேலையை ஒரு நாளும் குறை வைக்காதவர், அதையும் மொழிபெயர்த்தார்.

மண்டபமே ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்த நாள்கள் என் வாழ்க்கையில் நிறைய உண்டு. யாரும் சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. நீதிபதி என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கால் எழுந்தது, நான் எழவில்லை என்பதுபோல இருந்தது. பெயர் கேட்டார். நானே என் பெயரைச் சொல்லத் திணறினேன். யாருமே என்னை அறிமுகப்படுத்தாமல் நான் எழுந்ததில்லை. அந்தப் பணிப்பெண்ணின் பக்கம் மட்டும் நான் பார்க்கவில்லை. காப்பகத்து அம்மா பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள் என்பது தெரியும். பார்க்கவில்லை.

அதன்பின் போலீஸ் விசாரணை அதிகாரி கூப்பிட்டார். கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். என் குரல் பதிவுகளை என் எதிரிலேயே ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கேட்டார். தமிழர். ஓர் இடத்தில்கூடச் சிரிக்கவில்லை. மூடிய அறையில், சிரிப்பே இல்லாமல், என் நகைச்சுவையை நான் முழுதாகக் கேட்டது அன்றுதான். கடுமையாக எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் தாழ்வாரத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

“தெரிஞ்சே சொன்னீங்களா?”

“ம்.”

“எதுக்கு?”

“சிரிச்சா.”

அவள் ஒன்றும் திட்டவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை மூன்று முறை மாற்றும் இடத்தில் ஐந்தாறு முறை மாற்றினாள்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு. போகாமல் இருந்திருக்கலாம். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். நீதிபதி நீளமாக வாசித்தார். மருத்துவச் சான்று இரண்டு பக்கமும் சாய்கிறது. ஒன்பதாம் மாடிப் பெண் அன்றைக்குக் கேட்டது எது, பின்னால் கேட்டது எது என்று பிரிக்க முடியவில்லை. அவள் சாட்சியத்தை நம்பி எதையும் முடிவு செய்ய இயலாது. புகார் கொடுத்தவர் பொய் சொன்னார் என்று தாம் கூறவில்லை. ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணம் ஆகவில்லை. விடுதலை.

இடப்பக்கம் அழுகையும் கும்பிடுமாக எழுந்தது. மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்ணுக்குக் குனிந்து சொல்லிக்கொண்டிருந்தார். “அப்ப நான் சொன்னது நெசம்னு சொல்லலியா?” என்று அவள் கேட்டது மட்டும் எனக்குக் காதில் விழுந்தது. அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரியவரின் மூன்று நிமிடம் வந்தது. சத்தியம் சோதிக்கப்படும், தோற்காது என்று பேசியிருந்தார். மகள் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. அது புதுக்கோட்டைப் பக்கத்து ஒரு வீட்டுக்கும் விடிவதற்குள் போயிருக்கும் என்று நினைத்தபோது வாயில் பற்பசை கசந்தது.

“எல்லாம் என்னாலதான்,” என்றேன் மனைவியிடம்.

“டாக்டர் சொன்னதும் உங்களாலயா? இதுலயும் முழுப் பேரும் உங்களுக்கே வேணுமா?” என்றாள். “உங்க பங்கு எவ்ளோ, அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போய் அந்தப் பொண்ணு கால்ல விழுங்க.”

காப்பகத்து அம்மாவைக் கெஞ்சி அனுமதி வாங்கினேன். அவள் ஊருக்குக் கிளம்ப நான்கு நாள் இருந்தது. காப்பகத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில், அந்த அம்மா அடுத்த மேசையில் காவல் இருக்க, எதிரில் வந்து உட்கார்ந்தாள். நான் மன்னிப்பை எழுதி, மனப்பாடம் செய்து போயிருந்தேன். முப்பது வருடத்தில் நான் குறிப்பு எழுதிக்கொண்டு போன ஒரே பேச்சு. இரண்டாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“அன்னிக்குக் கோர்ட்டுல எந்திரிச்சு நின்னது நீங்கதானே? இவ்ளோ வயசான ஆளுன்னு அப்பத் தெரியல.”

“தப்பு பண்ணிட்டேம்மா.”

“எனக்கு ணங்கம்மான்னு பேரு வச்சீங்களாம்.”

“…ஆமாம்மா.”

“எங்கண்ணி போனுக்கே வந்துச்சுங்க அது. கேட்டுச் சிரிச்சிருக்கு. அப்புறம்தான் நான்னு தெரிஞ்சிருக்கு.” மேசையில் கையை வைத்திருந்தாள். நான் விரலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “ஒம்போதாம் மாடி அக்கா என்கிட்டப் பேசவே மாட்டேங்குது. என்னால கெட்டுப்போச்சுன்னு அழுதுக்கிட்டே இருக்காம். அது என்னங்க பண்ணும்?”

“நான் என்ன செய்யணும்னு சொல்லும்மா. எதுன்னாலும்.”

யோசித்தாள். “அது எத்தன பேருக்குப் போச்சோ அத்தன பேருக்கும் திருப்பிச் சொல்லுங்க. சோபா நீங்க கட்டுனதுன்னு. அந்த அக்கா பொய் சொல்லல, நானும் அப்படிச் சொல்லலன்னு. சிரிப்புக் காட்டாமச் சொல்லணும். உங்களால முடியுமா?”

முடியும் என்றேன். அது எவ்வளவு பெரிய வாக்கு என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தோ பாயோவில் உள்ள எங்கள் வீட்டில் சன்னலை மூடிவிட்டு உட்கார்ந்தேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள், தணிக்கை அதிகாரியாக. முதல் பதிவு: ‘வணக்கம், உங்கள் அபிமான…’ அழித்தாள். இரண்டாவதில் என்னையே கழுதை என்று திட்டிக்கொண்டேன். அந்தத் திட்டும் கேட்பதற்குச் சுவையாக இருந்தது. அழித்தாள். நான்காவதில், “நீங்களே கேளுங்க, அழற மாதிரி நடிக்கிறீங்க,” என்றாள். தீர்ப்பைப் பற்றி ஏதாவது சொல்லி மறுபடி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று ஒரு வாக்கியத்தைத் தயங்கி விழுங்கினேன். “இப்ப மட்டும் சட்டம் நல்லாத் தெரியுது,” என்றாள். பதினோராவது பதிவு ஒன்றரை நிமிடம் வந்தது. சோபாவும் உருண்ட மணியும் நான் கட்டியது. அந்தப் பெண் அப்படிச் சொல்லவே இல்லை. சாட்சி என்று தெரிந்தும் அந்த இன்னொரு பெண்ணிடம் நான்தான் போய்ச் சொன்னேன். ஒருவர் தன் கை வலியைச் சொன்னதை வைத்து அவருக்குப் பட்டப்பெயர் வைத்தேன். இவ்வளவுதான்.

‘தெரிந்தும்’ என்ற சொல்லைப் போட்டபோது போலீஸ் அதிகாரி முகம் நினைவுக்கு வந்தது. மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படியே விட்டேன்.

குழுவில் போட்டேன். ஒன்றரை நிமிடப் பதிவுக்கு அரை நிமிடத்தில் முதல் பதில் வந்தது: கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம், வரிசையாக ஐந்து. கேட்டிருக்கவே முடியாது. என் பெயரைப் பார்த்ததும் விரல் தானாகப் போயிருக்கிறது. அடுத்து இன்னொன்று. “அங்கிள் இஸ் பேக்! மிஸ் யூ லா!” மாலையில் துணிக்கடை நண்பர் கூப்பிட்டார்.

“அண்ணே, கடைசில எங்கயாவது ஒரு போடு போடுவீங்கன்னு ரெண்டு தடவ கேட்டேன்.”

“இல்லப்பா. இது அது இல்ல.”

“அப்ப நெசமாவா?” என்றார். கடையில் யாரையோ இருக்கச் சொல்லிவிட்டு வெளியே வருவது கேட்டது. “நான்ல உங்கள வாய்ஸ் போடச் சொன்னேன்,” என்றார்.

பழையது எத்தனை ஆயிரம் கைக்குப் போனதோ எனக்குத் தெரியாது. புதியதை அனுப்பி வைக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அறிந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, “முழுசாக் கேட்டுட்டு, அத யாருக்கு அனுப்பினீங்களோ அவங்களுக்கே இதையும் அனுப்புங்க,” என்று கெஞ்சினேன். சரி சரி என்றார்கள். சிலர் செய்திருக்கலாம். ஒரு பெரிய மனிதர் கல்யாண நிகழ்ச்சிக்கு என்னைப் பேசி வைத்திருந்தார். கேட்டுவிட்டு, வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சுருக்கமாகச் செய்தி அனுப்பினார். அவர் ஒருவர்தான் சரியாகக் கேட்டிருக்கிறார் என்று தோன்றியது.

அவளுக்கும் அனுப்பினேன். கேட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி வந்தது. பதில் இல்லை. கிளம்பிப் போய்விட்டாள்.

அவள் போன மறுவாரம், ஒரு நாள் பகலில், தெரியாத இந்திய எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. வயதான பெண்குரல். பின்னால் கோழிச் சத்தம். கைப்பேசியை வாய்க்கு மிக அருகில் வைத்துப் பேசியதில் மூச்சுத்தான் முதலில் கேட்டது.

“ஐயா, நான் அந்தப் புள்ளயோட அம்மா பேசுறேன். நீங்க பேசுனதப் போட்டுக் காமிச்சா. முன்ன ஒண்ணு வந்துச்சு, அதுவும் நீங்க பேசுனதுதானாம். அது சிரிப்புக்குன்னு சொல்றா. அதான் கேக்குறேன், தப்பா நெனைக்காதீக. இது நெசமா சாமி, இல்ல இதுவும் சிரிப்புக்கா?”

மனைவி கடைக்குப் போயிருந்தாள். நான் மட்டும்தான் வீட்டில். பொத்தானை அழுத்தி, “நிஜந்தாம்மா. உங்க பொண்ணு பொய் சொல்லல,” என்றேன். அனுப்புவதற்கு முன் ஒரு முறை போட்டுக் கேட்டேன். முப்பது வருடமாக மேடையில் கேட்ட அதே குரல். அதே ஏற்ற இறக்கம். அந்த அம்மா இடத்தில் நான் இருந்தால் நம்ப மாட்டேன்.

அழித்துவிட்டு, மறுபடி சொன்னேன்.